லிப்ஸாவுக்கு இந்தி தெரியாது

ஏப்ரல் 28, திங்கள்

கோடை நாடகப் பட்டறை இன்று தொடங்கியது. இடம் நாச்சிமுத்து அவர்களின் கல்யாண மண்டபம், மாடியில் உள்ள சாப்பாட்டுக் கூடம். மின்விசிறிகளில் பாதி ஓடவில்லை. சாம்பார் வாசனை சுவரிலேயே ஊறிக் கிடக்கிறது.

இருந்தாலும் இன்று எனக்குத் திருப்தியான நாள். பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய வடக்கேயிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் நம் பட்டறையில் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன். "அவங்களுக்கு நாடகமெல்லாம் எதுக்குங்க டீச்சர்" என்று கேட்டவர்கள்தான் நம் சிறுவர் அரங்கத்தின் கமிட்டியில் பாதிப் பேர். இந்த வருடம் தலைவர் நாச்சிமுத்துவே முன்வந்து, தன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளை வேன் வைத்து அனுப்புகிறேன் என்றார். ஏன் திடீரென்று இந்த மனமாற்றம் என்று நான் கேட்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் எதற்குக் கேள்வி?

நாடகம் நான் எழுதியது. வற்றிய கிணற்றிலிருந்து மழையைத் தேடிப் புறப்படும் தவளைகளின் கதை. பாதி வசனத்தை வத்சலா இந்தியில் பெயர்த்துக் கொடுத்துவிட்டாள். வத்சலா எங்கள் தெருவில் இந்தி டியூஷன் எடுப்பவள். அறிவிப்பு நோட்டீசையும் இந்தியில் அடித்து ஒட்டியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "மூணு வருசத்துக்கு முன்னால 'இந்தி வேண்டாம்'னு நம்ம பிரிண்டிங் பட்டறையில டி-ஷர்ட் அச்சடிச்சு வித்தோம். இப்ப அம்மணி இந்தியில நாடகம் போடறீங்களாக்கும்."

திணிப்பது வேறு, வந்தவர்களை மதிப்பது வேறு என்று சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஏப்ரல் 30, புதன்

லிப்ஸா என்று ஒரு பெண். ஒன்பது வயது, ஒடிசாக்காரி. ஆளைப் பார்த்தால் கண்ணும் காலும் துறுதுறுவென்று இருக்கிறது. தவளை மாதிரி குதிக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகள் குதிக்கிறார்கள். இவள் குதித்துவிட்டு, கண்ணைச் சுழற்றி ஈயைத் தேடுகிறாள். மூத்த தவளை வேஷத்தை அவளுக்குக் கொடுத்தேன். ஆனால் வசனம் என்று வந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வத்சலா இந்தியில் சொல்லிக் கொடுக்கக் கொடுக்கத் தரையையே பார்க்கிறாள். சரியான பிடிவாதம்.

"இவங்க இந்தி வேற மாதிரி இருக்குதுங்க்கா. நான் சொல்றது அவளுக்குப் புரியுதான்னே தெரியல" என்றாள் வத்சலா.

உன் உச்சரிப்பைத் திருத்திக்கொள் என்று சொல்லிவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

மே 2, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. ஒத்திகைக்கு இருபது நிமிடம் தாமதம். லிப்ஸா இன்றும் ஊமை.

மே 5, திங்கள்

நேற்று பெற்றோர் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு வசதி என்று ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். டீ, முறுக்கு எல்லாம் தயார். உள்ளூர்ப் பெற்றோர் வந்தார்கள். வடக்கத்திக் குடும்பங்களிலிருந்து ஒருவர் இல்லை, ஒரே ஒருவர் கூட இல்லை.

இவர்களுக்காக நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். தங்கள் குழந்தை என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லையே. இந்தியில் தெளிவாக, பெரிய எழுத்தில், அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் குழாயடியிலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இதற்கு மேல் என்ன செய்வது, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா?

மீந்த முறுக்கைத் தின்றுகொண்டே நாச்சிமுத்து சொன்னார்: "விடுங்க டீச்சர். புள்ளைங்க வந்தாப் போதுமுங்க. போட்டோவுக்கு அவங்கதானுங்க வேணும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

மே 8, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

சாயங்காலம் பிள்ளைகளுக்குப் போண்டா கொடுத்துவிட்டு நானும் வத்சலாவும் கூடத்துக்குள் இருந்தோம். வெளியே படிக்கட்டில் சண்டை. ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது.

"ஏன்டா, உனக்கு அறிவிருக்குதா? உன்னுதத் தின்னுபோட்டு என்னுதுக்கும் கை நீட்டறே. எடுத்த போண்டாவ மரியாதையா வெச்சுட்டுப் போ. இல்லீன்னா உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடுவேன்."

யாரடா இது, இவ்வளவு காலமும் இந்தக் குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று வெளியே ஓடினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது லிப்ஸா.

"உனக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க மிஸ். நான் இங்கத்த கார்ப்பரேசன் ஸ்கூல்லதானுங்க நாலாவது படிக்கறேன்."

"அப்புறம் ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே. இந்தியிலதான் பேசோணும்னு சொன்னீங்க."

"சரி, இந்தியில ஏன் பேசலை?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு இந்தி தெரியாதுங்க மிஸ். டிவியில பாக்கறதுதான். எங்களுது ஒடியாங்க."

பட்டறையில் உள்ள வேன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரும்பாலும் ஒடியா பேசுகிறவர்கள். பாதிப் பேருக்குத் தமிழும் நன்றாக வருகிறது. வீட்டில் அப்பா அம்மாவுக்கு இந்தி படிக்கத் தெரியுமா என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். குழாயடியில் ஒட்டிய நோட்டீஸ் யாருக்காக ஒட்டியது?

வத்சலா போண்டாத் தட்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மே 9, வெள்ளி

என் அப்பா இந்தி வேண்டாம் என்று மறியலுக்குப் போய் மண்டையில் தையல் போட்டுக்கொண்டு வந்தவர். சாகும்வரை அந்தத் தழும்பைத் தடவித் தடவிக் காட்டுவார். அவர் மகள் ஒரு ஒடியாக் குழந்தையைப் பதினோரு நாள் உட்கார வைத்து இந்தி பேசு, இந்தி பேசு என்று நச்சரித்திருக்கிறாள். இதை நான் மட்டுமா செய்தேன்? இந்த ஊரே செய்கிறது. ரயிலில் வந்து இறங்குகிற எவரையும் இந்திக்காரன் என்கிறோம். பீகார், அசாம், வங்காளம், ஒடிசா எல்லாம் நமக்கு ஒன்று. நம்மை யாராவது மதராசி என்று சொல்லிவிட்டால் மட்டும் பொத்துக்கொண்டு வருகிறது.

காலையில் நேராக நாச்சிமுத்துவின் ஆபீசுக்குப் போனேன். இந்தி வசனத்தை எடுத்துவிடப் போகிறேன், தமிழும் ஒடியாவும் போதும், இரண்டும் தெரிந்த லிப்ஸா கதை சொல்லியாக நின்று இரண்டு பக்கத்துக்கும் கொண்டு போவாள் என்று சொன்னேன். அவர் ஏசியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"பேனர்ல தமிழ்-இந்தி நாடகம்னு அடிச்சாச்சுங்களே டீச்சர். டெல்லியிலிருந்து பையிங் ஹவுஸ் ஆபீசர் வர்றாருங்க. அவருக்கு ஒடியா தெரியுமுங்களா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இவரிடமிருந்து துணி வாங்கிக் கொடுக்கிற கம்பெனியின் ஆபீசர் அவர். தொழிலாளர்களை இவர் எப்படி வைத்திருக்கிறார் என்று பார்க்க வருகிறார். காட்டுவதற்கு ஒரு நாடகம் வேண்டும்.

"நாடகம் அவருக்கா, அந்தப் புள்ளைங்களப் பெத்தவங்களுக்கா?"

"ரண்டும் ஒண்ணுதானுங்க" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அரை மணி நேரம் கத்தினேன். கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார். நாடகம் எப்படியோ போகட்டும், ஆனால் தொடங்குமுன் லிப்ஸா ஆபீசருக்குப் பூங்கொத்து கொடுத்து இந்தியில் நாலு வரி வரவேற்புச் சொல்ல வேண்டும். சரி என்று வந்துவிட்டேன். நாலு வரிதானே.

மே 14, புதன்

இப்போதுதான் இது பட்டறை. லிப்ஸா மேடையின் ஓரத்தில் நின்று தமிழில் ஒரு வரி சொல்கிறாள், திரும்பி ஒடியாவில் சொல்கிறாள். அப்படியே சொல்வதில்லை. ஒடியாவில் ஏதோ கூடச் சேர்க்கிறாள் போலிருக்கிறது, அந்தப் பிள்ளைகள் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன சேர்த்தாய் என்றால், "ஒண்ணுமில்லீங்க மிஸ்" என்கிறாள். உள்ளூர்ப் பிள்ளைகள் எங்களுக்கும் சொல்லிக் கொடு என்று அவள் பின்னாலேயே திரிகிறார்கள்.

வத்சலாவுக்கு இனி வேலையில்லை. ஆனாலும் வருகிறாள், உடை தைக்கிறாள்.

மே 18, ஞாயிறு

லைன் வீடுகளுக்குப் போய் நேரில் அழைத்தேன். நம் வீட்டு விசேஷத்துக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் நாமே போக மாட்டோம். இவர்களுக்கு மட்டும் குழாயடி நோட்டீஸ் போதும் என்று எப்படி நினைத்தேனோ. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். லிப்ஸா முன்னால் நடந்தாள், நான் பின்னால்.

வரிசையாகப் பத்துக்குப் பத்து அறைகள், கதவுக்கு வெளியே செருப்பும் அடுப்பும். லிப்ஸாவின் அம்மா பசந்தி, நாச்சிமுத்து கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கிறாள். தைத்த துணியில் பிசிறும் ஓட்டையும் பார்க்கிற வேலை. அப்பா வேறு ஊரில் மில்லில் இருக்கிறாராம். பசந்திக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் கம்பெனி கற்றுக் கொடுத்தது. சீக்கிரம், பீஸ், ஓவர்டைம், லீவு இல்ல. அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் நாம் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த தமிழ் இது.

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். லிப்ஸா நீளமாக ஏதோ சொன்னாள். பசந்தி என்னைப் பார்த்து, மகளைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மா கண்டிப்பா வருவாங்களாமுங்க மிஸ். நான் மேடையேறி அம்மா பாத்ததேயில்லீங்க. பக்கத்து வீட்டு அக்காங்களையும் கூட்டிட்டு வருவாங்களாமுங்க."

அந்த வரிசை முழுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டது. வரும் வழியில் என்னை அறியாமல் பாடிக்கொண்டு வந்தேன்.

மே 23, வெள்ளி

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

நாடகம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து கம்பெனியில் எல்லோருக்கும் ஓவர்டைம். கப்பல் தேதி நெருங்கிவிட்டதாம். யாருக்கும் விடுமுறை கிடையாதாம். லிப்ஸாதான் வந்து சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

போன் போட்டேன். "நீங்க நடத்தற நாடகம், உங்க ஆளுங்களோட புள்ளைங்க. நீங்களே அவங்கள வர விடாமப் பண்ணினா எப்படி?"

"டீச்சர், கப்பலை விட்டுப்போட்டா அத்தனை சரக்கையும் பிளேன்ல அனுப்போணும். நான் தலையில துண்டைப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான். வீடியோ எடுத்து அவங்க குரூப்புல போட்டுடலாமுங்க, பாத்துக்குவாங்க."

"ரெண்டு மணி நேரம் விட முடியாதா? அந்த ஒரு பிரிவை மட்டுமாவது?"

"ஒருத்தர விட்டா எல்லாரும் கேப்பாங்கல்லங்க."

அப்படியென்றால் நாடகத்தையே தள்ளி வைப்போம் என்றேன். ஆபீசர் அன்றைக்குத்தான் வருகிறாராம். நாற்காலிகள் காலியாக இருக்குமே என்றேன். பார்வையாளராகக் கல்லூரிப் பிள்ளைகளை வரவழைத்து உட்கார வைக்கிறாராம். வாடகைக்குப் பெற்றோர்.

இதை எழுதும்போது பேனா இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டது.

மே 24, சனி

கடைசி ஒத்திகை. லிப்ஸா பூங்கொத்துக்குப் பதில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அந்த நாலு இந்தி வரியை ஒப்பித்தாள். தேர்வுக்குப் படித்த மாதிரி பிழையில்லாமல் சொன்னாள்.

போகும்போது கேட்டாள்: "எங்கம்மாவ விட மாட்டேங்கறாங்கன்னு யாருகிட்டங்க மிஸ் சொல்றது?"

நாடகக்காரர்கள் சொல்ல வேண்டியதை மேடையில்தான் சொல்வார்கள் என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன்.

மே 25, ஞாயிறு

மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஆபீசர், நல்ல உயரம், சிரித்த முகம், உண்மையிலேயே குழந்தைகளைப் பிடித்தவர் மாதிரி இருந்தார். பக்கத்தில் நாச்சிமுத்து, மொடமொட வேட்டி சட்டையில். பின்னால் கமிட்டியும் உள்ளூர்ப் பெற்றோரும் கல்லூரிப் பிள்ளைகளும். பசந்திக்கு நான் போட்டு வைத்த நாற்காலியில் யாரோ ஒரு பையன் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திரு என்றேன். ஏனுங்க மேடம் என்றான். முன்வரிசை ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

லிப்ஸா தவளை உடையில் மேடைக்கு வந்தாள். பூங்கொத்தைக் கொடுத்தாள். ஆபீசர் குனிந்து, மைக்கை அவள் பக்கம் நீட்டி, பிரியமாக இந்தியில் ஏதோ கேட்டார். உன் பேர் என்ன, அம்மா அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதாக வத்சலா பிறகு சொன்னாள்.

அந்த நாலு வரியை லிப்ஸா சொல்லவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இந்தி தெரியாதுங்க."

பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான். மண்டபமே கை தட்டியது. கமிட்டிக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நம் ஊரில் அந்த வாக்கியத்துக்குக் கை தட்டாமல் யார் இருப்பார்கள்? நானும் தட்டினேன். ஆனால் லிப்ஸா முழித்தாள். அவள் முழக்கம் எதுவும் போடவில்லை. தெரியாததைத் தெரியாது என்றாள், அவ்வளவுதான். தட்டல் அடங்கும்வரை காத்திருந்து, நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டே மறுபடி மைக்கை வாயருகே கொண்டு போனாள்.

"எங்கம்மா வரலீங்க. இவரு கம்பெனியில இன்னிக்கும் ஓவர்டைமுங்க. லீவு கேட்டாக் குடுக்கலீங்க. யாரோட அம்மாவும் வரலீங்க."

இதற்கு யாரும் கை தட்டவில்லை.

ஆபீசர் நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து எழுந்து, குழந்தை நன்றி சொல்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது திரைக்குப் பக்கத்திலிருந்து வத்சலா நடந்து வந்தாள். கையில் ஊசி நூலோடு வந்தவள், மைக்கை வாங்கி, லிப்ஸா சொன்னதை இந்தியில் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு வாக்கியமாக, ஒன்றையும் விடாமல். அவள் உச்சரிப்பில் எந்தக் குறையும் இல்லை.

நாடகம் நடந்தது. எப்படி நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ஆபீசர் பாதியில் கைபேசியோடு வெளியே போனார். நாச்சிமுத்து பின்னாலேயே போனார்.

மே 26, திங்கள்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. பாராட்டு. வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது. "திருப்பூர் மண்ணில் பிஞ்சுக் குழந்தையின் முழக்கம்" என்று தலைப்பு. முதல் வாக்கியமும் கைதட்டலும் மட்டும் இருக்கிறது. அதோடு வெட்டிவிட்டார்கள். அம்மா வரவில்லை என்று அவள் சொன்னது யாருக்கும் வேண்டாம்.

என் வீட்டுக்காரர்கூட அதைத் தன் நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறார். சண்டை. இரவு உப்புமாதான்.

மே 28, புதன்

வத்சலா போன் செய்தாள். பசந்தியை நேற்றுக் காலை கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அந்த லைன் வீடும் கம்பெனியுடையது. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை.

நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கமிட்டியில் ஒவ்வொருவருக்கும் போட்டேன். "அந்தப் புள்ளையத் தூண்டி விட்டது யாருன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க டீச்சர்" என்றார் ஒருவர். வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்துவிட்டு என்னைக் குற்றம் சொல்ல இவர்களுக்கு நாக்கு எப்படி வருகிறது?

சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போனேன். பசந்தி பாத்திரங்களைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் பேச ஆரம்பித்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவ்வளவு பேசுவாள் என்று நான் நினைக்கவேயில்லை. குரல் உயர உயரப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கூடினார்கள். கையை என் பக்கம் நீட்டினாள், மகள் பக்கம் நீட்டினாள், கோணிப்பையைக் காட்டினாள். கைபேசியை எடுத்து, அந்த வீடியோவை, அந்தக் கைதட்டலை, என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதில் முன்வரிசை ஓரத்தில் நானும் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் "டீச்சர்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கூடியிருந்த பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் பசந்தி மூச்சு வாங்க நிறுத்தினாள். எல்லோரும் லிப்ஸாவைப் பார்த்தார்கள்.

லிப்ஸா என்னைப் பார்த்தாள்.

"அம்மா தண்ணி குடிக்கறீங்களான்னு கேக்கறாங்க மிஸ்."

குடிக்கிறேன் என்றேன். அவளே உள்ளே போய் ஒரு சொம்பில் கொண்டு வந்தாள். நின்றபடியே முழுவதையும் குடித்தேன்.

பிறகு சொன்னேன்: "லிப்ஸா, நான் சொல்றத அம்மாகிட்டச் சொல்லு கண்ணு. வேலை போனதுக்கு நானும் ஒரு காரணம். நாளைக்குக் காலையில உங்ககூட கம்பெனி கேட்டுக்கு நானும் வர்றேன், வேலையைத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் அங்கயேதான் நிப்பேன்."

நான் சொன்னது அவ்வளவுதான். லிப்ஸா அம்மா பக்கம் திரும்பி வெகுநேரம் பேசினாள். பசந்தி பையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்தாள். என்ன சொன்னாய் என்று நான் லிப்ஸாவைக் கேட்கவில்லை.